ஆங்கிலப் பாடநூல்: கற்பிப்போர் நோக்கும் கற்போர் நோக்கும்

பாடநூலின் தரத்தை அதன் அச்சும் அட்டையும் உணர்த்தா; பயனே உணர்த்தும். அப்பயனை அறிந்தோர் இருவர்: கற்பிப்போர், கற்போர். இவ்விருவர் நோக்கிலும் ஆங்கிலப் பாடநூலை மதிப்பிடும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

தமிழகத்தில் ஆங்கிலம் கற்பித்தலைச் சீர்செய்யும் முயற்சிகள் பலவாகும். 1959-இல் சென்னை மாநிலத்தில் தொடங்கிய ஆங்கிலம் கற்பித்தல் இயக்கம், வாக்கிய அமைப்புகளை எளியன முதல் அரியன வரை வரிசைப்படுத்திக் கற்பிக்க ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தது. 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் இயற்றப்பெற்றது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புதிய பாடநூல்கள் வெளிவந்தன. கேட்டல், பேசுதல் பயிற்சிகளும் அவற்றில் இடம்பெற்றன.

ஆசிரியர் நோக்கில் எழும் வினாக்கள் சில: பாடவேளைகளுக்குள் நூலை முடிக்க இயலுமா? பெரிய வகுப்பில் உரையாடல் பயிற்சி நடத்தக் கூடுமா? நூல் கற்பிப்பதைத் தேர்வு சோதிக்கின்றதா? இவற்றுள் இறுதி வினாவே தலையாயது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்திற்குரிய 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே உரியன. ஆகவே பேசுதல் பயிற்சி நூலில் இருந்தும் வகுப்பில் பின்தள்ளப்படுகின்றது. இக்குறை நூலினுடையது அன்று. நூலுக்கும் தேர்வுக்கும் உள்ள இடைவெளியினுடையது.

மாணவர் நோக்கோ வேறு. வீட்டில் ஆங்கிலம் அறிந்தார் எவருமில்லாத மாணவி, தானே படித்துப் பொருள் கொள்ள நூல் இடம் தருகின்றதா? வரிக்கு வரி அருஞ்சொல் வரின் வாசிப்பு தடைப்படும், மாணவி வழிகாட்டி நூலை நாடுவாள், மனப்பாடம் தொடங்கும்.

இவ்வுண்மையை வல்லம் வடகால் போன்ற ஊர்களில் தெளிவாகக் காணலாம். அங்குள்ள சிப்காட் வளாகத்தில் பெண் தொழிலாளர் 18,720 பேர் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. பள்ளிக் கல்வி முடித்து இத்தகைய தொழிற்கூடங்களில் சேரும் இளையோர்க்கு எச்சரிக்கைப் பலகையும் பணிக்குறிப்பும் ஆங்கிலத்தில் எதிர்ப்படலாம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றி அவர்கள் மதிப்பெண் பெற்றிருப்பர். ஆனால் 'பாதுகாப்புக் கண்ணாடி அணியப்பட வேண்டும்' எனப் பொருள்படும் ஆங்கிலப் பலகையில் எழுவாயாக நிற்பது கண்ணாடியே. அணிய வேண்டியவர் யாரெனக் கூறப்படுவதில்லை. 'அவர் நானே' என உணர்வதன்றோ மொழியறிவு! இயந்திரம் பழுதுற்றால் நிகழ்ந்தது யாது, எப்போது, செய்தது என்ன என மூன்று வாக்கியங்களில் எழுதவும் வேண்டும். மனப்பாடக் கட்டுரை அங்கு உதவாது.

இதனால் கதையையும் கவிதையையும் நீக்குக என்பது எம் கருத்தன்று. கற்ற இலக்கணம் வாழ்வில் எங்கு வழங்கும் என்பதையும் நூல் காட்ட வேண்டும் என்பதே கருத்து.

பயன்பாட்டிற்கு முன், பயன்பாட்டின்போது, பயன்பாட்டிற்குப் பின் எனப் பாடநூல் மதிப்பீடு மூன்று நிலைப்படும். மூன்றாம் நிலையை நாம் பெரிதும் மறந்துவிடுகின்றோம். பள்ளியை விட்டுச் சென்றோரிடம், 'எப்பாடம் உங்களுக்குப் பயன்பட்டது? எது கிடைக்காமற் போயிற்று?' என வினவுதல் நம் கடன். அவர்தம் விடைகள் அடுத்த நூலை இயற்றுவோர்க்குச் சென்று சேருமாயின், ஆசிரியர் உழைப்பும் மாணவர் முயற்சியும் ஒருங்கே பயன்பெறும்.