முதியோர் உணவும் கமக்காரர் வீடும்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் நம் கமக்காரர், விளைவின் நல்ல பகுதியைச் சந்தைக்கு அனுப்புகின்றனர். பேலியகொடை மெனிங் சந்தைக்குச் செல்லும் கீரைக்கட்டும் பயற்றங்காயும் போஞ்சியும் மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய இடங்களின் அடுக்களைகளைச் சென்றடைகின்றன. ஆனால் அவற்றை விளைவித்த வீட்டிலோ, வயலில் உழைத்து ஓய்ந்த தாய் தந்தையர் காலையில் பாணும் வெறுந்தேநீரும், மத்தியானம் சோறும் சொதியும் உண்டு காலங் கழிப்பதைப் பல இடங்களிலும் காணலாம். இதற்கு வறுமை மட்டும் காரணமன்று, வழக்கமும் காரணமாகும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் நூறு பேரில் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அத்தொகை மேலும் வளர்ந்து வருகின்றது. ஆகையால் முதியோர் உணவைப் பற்றிய அறிவு ஒவ்வொரு கமக்காரர் வீட்டுக்கும் வேண்டியதாகும்.

1. வயது முதிரும்போது நிகழ்வது

உடலுழைப்புக் குறைவதால் சோற்றின் தேவை குறைகின்றது. ஆனால் தசையைக் காக்கும் புரதத்தின் தேவை குறைவதில்லை. பல் விழுந்தபின் மெல்ல முடியாதென்று மீன், பயறு, கீரை ஆகியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, கஞ்சியையும் சொதியையும் மட்டும் கொடுப்பது, பயிருக்கு எருவை நிறுத்தி நீரை மட்டும் பாய்ச்சுவது போன்றதாகும். தசை மெலிந்தால் நடை தளரும். விழுந்தால் எலும்பு முறியும். புண் ஆறவும் நாட்செல்லும். குறைவாக உண்பவருக்கு ஒவ்வொரு கவளமும் சத்துள்ளதாக இருத்தல் வேண்டும். உணவை மென்மையாக்குக, சத்தற்றதாக்க வேண்டாம்.

2. தவிட்டை இழவாதீர்

யாவாத் தீவில் பணிபுரிந்த ஒல்லாந்து மருத்துவர் கிறிஸ்ரியான் எய்க்மன், நன்கு தீட்டிய அரிசியையே உண்ட கோழிகள் கால் வலுவிழப்பதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தபோது தேறுவதையும் 1890ஆம் ஆண்டுகளிற் கண்டறிந்தார். பெரிபெரி என்னும் நோயின் காரணம் இவ்வாறு தெளிவாகத் தொடங்கியது. 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

வீட்டுத் தேவைக்கு வைக்கும் நெல்லை அதிகந் தீட்டாது குற்றிக்கொள்க. பச்சைப்பெருமாள் போன்ற சிவப்பு நெல் நன்று. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்புறஞ் சேர்வதால் புழுங்கலரிசியும் ஏற்றதே. சிவப்பரிசி கடினமாயிருப்பின், ஒரு மணி நேரம் ஊறவைத்துக் குழைய வேகவைக்கலாம். அரிசியைப் பலமுறை கழுவுவதும், வடித்த கஞ்சியை ஊற்றிவிடுவதும் சத்தை வீணாக்குவனவாகும்.

3. ஒரு நாளைக் கணக்கு

முதியவர் ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ நிறையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம் ஆகும். சமைக்கு முன் நிறுத்த அளவுகளில் அது கிடைக்கும் வகை பின்வருமாறு:

அரிசி 250 கிராம்: சுமார் 17 கிராம் புரதம்
பயறு 50 கிராம்: சுமார் 12 கிராம்
முட்டை ஒன்று: சுமார் 6 கிராம்
மீன் 100 கிராம்: சுமார் 20 கிராம்
மொத்தம்: சுமார் 55 கிராம்

சோறு மட்டும் உண்டால் தேவையில் மூன்றிலொரு பங்கே கிடைக்கும் என்பது இதனாற் புலப்படும். சைவ உணவினர் மீனுக்கும் முட்டைக்கும் ஈடாகப் பருப்பு, கடலை, உழுந்து, பால், தயிர் ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து மரக்கறிகளில் இல்லாமையால், அவர்கள் பாலையோ தயிரையோ தவிர்த்தலாகாது.

4. மென்மையாக்கும் முறைகள்

(அ) பயற்றை இரவில் ஊறவைத்துக் குழைய அவித்து மசிக்கவும்.
(ஆ) முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை ஆகியவற்றை மிக நுண்ணியதாக அரிந்து வறையாகவோ சம்பலாகவோ ஆக்குக. இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விட்டால் கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேரும்.
(இ) முள் நீக்கிய மீனைக் குழம்பிலேயே உதிர்த்து விடலாம். நெத்தலிக் கருவாட்டை உப்புப் போகக் கழுவி, வறுத்து இடித்துச் சோற்றோடு கலக்கலாம்.
(ஈ) பூசணியையும் கரட்டையும் வெட்டுமுன் கழுவி, சிறிது நீரில் மூடி வேகவைத்து, அந்நீருடனேயே மசிக்கவும்.
(உ) தேநீரை உணவோடு கொடாது ஒரு மணி நேரங் கழித்துக் கொடுக்கவும். தேநீர் இரும்புச்சத்துச் சேர்வதைத் தடுக்கும்.

5. வழக்கத்தை மாற்றும் வழி

முதியோரைக் கடிந்து மாற்ற முயலலாகாது. பழகிய உணவிலேயே தொடங்குக: காலைப் பாணுக்குப் பதிலாக, வாரத்திற் சில நாட்கள் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது இலைக்கஞ்சி. ஒரு மாற்றம் பழகியபின் அடுத்ததைச் சேர்க்கவும். தம் பங்கு மீனைப் பேரப்பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டுச் சொதியோடு உண்டெழும் பெரியோர் பலர். ஆகையால் அவர்களைத் தனியே இருத்தாது, குடும்பத்தோடு இருத்தி உணவு பரிமாறுக. தாகம் வயதோடு குறைவதால், கேளாமலே நீர் கொடுத்தல் வேண்டும்.

6. எச்சரிக்கை

உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாது இருத்தல் வேண்டும். ஊறுகாய், கருவாடு ஆகியவற்றிலுள்ள உப்பும் இதில் அடங்கும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மேற்சொன்ன புரதக் கணக்கும் கீரை அளவும் பொருந்தாமற் போகலாம்; சலரோகம் உள்ளவர்களுக்குச் சோற்றின் அளவு வேறுபடும். இவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்க வேண்டும். மாதமொருமுறை முதியோரின் நிறையைக் குறித்து வைக்கவும். 50 கிலோ நிறையுள்ளவர் ஆறு மாதத்தில் இரண்டரைக் கிலோ இழந்தாலும், உண்ணும்போது அடிக்கடி புரைக்கேறினாலும், தாமதியாது அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க.

அடுத்த போகத்துக்கு நிலத்தைப் பண்படுத்தும்போது கிணற்றடியில் ஒரு பாத்தியை வீட்டுக்கென ஒதுக்கி, கீரையும் வல்லாரையும் நடுக. வேலியோரத்தில் முருங்கைக் கதியால் இரண்டு ஊன்றுக. அதன் பராமரிப்பை இயன்ற முதியோரிடமே ஒப்படைக்கலாம். அப்பாத்தியிற் பறித்தது முதலில் வீட்டுச் சட்டிக்குச் செல்லட்டும். மிஞ்சியது சந்தைக்குப் போகட்டும்.