ஜப்பான் பனிக்கால டயர் எமது கெப் வாகனத்துக்குப் பொருந்துமா?

சரக்கு ஏற்றும் கெப், வேன் அல்லது சின்ன லொறி வைத்திருக்கும் வியாபாரிக்கு டீசலுக்கு அடுத்த பெரிய செலவுகளில் ஒன்று டயர். அதனால் டயர் வாங்கும்போது எங்காவது நாலு காசு மிச்சம் பிடிக்க முடியுமா என்று பார்ப்பது இயல்பு. பூ நல்ல ஆழமாக, வெட்டு விழாமல், விலையும் பாதிக்குக் கீழே என்று ஒரு பாவித்த ஜப்பான் டயரைக் காட்டினால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது எந்த நாட்டுக் காலநிலைக்காகச் செய்யப்பட்ட டயர் என்பதைப் பார்க்காமல் வாங்கினால், மிச்சம் பிடித்த காசு மட்டுமல்ல, சரக்கும் சாரதியின் உயிரும்கூட ஆபத்துக்குள்ளாகும்.

இந்த டயர்கள் இங்கு எப்படி வருகின்றன?

ஜப்பானில் பாவித்த வாகனங்கள் எமது நாட்டுக்குப் பல ஆண்டுகளாக வருகின்றன. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் ஆரம்பமானது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலும் வடக்கு மாகாணங்களிலும் குளிர்காலம் முழுவதும் வீதிகளில் பனி மூடியிருக்கும். அங்கு ஓடிய வாகனம் சில வேளைகளில் பனிக்கால டயரோடேயே கப்பலேறி விடுகிறது. வாகனத்தோடு வந்த டயர், கழற்றப்பட்டு இன்னொரு வாகனத்துக்குப் போவதும் உண்டு.

முன்பு ஜப்பானில் பனிப் பாதைக்கு இரும்பு ஆணி பதித்த டயர்களைப் பாவித்தார்கள். அவை வீதியைச் சுரண்டித் தூசியைக் கிளப்பியதால் 1990இல் அதற்கெதிராகச் சட்டம் வந்தது. அதன் பின்னர் ஆணியில்லாத பனிக்கால டயரே அங்கு பொதுவானது. இதனைத்தான் ‘ஸ்டட்லெஸ்’ டயர் என்கிறார்கள்.

பனியில் நல்லது, வெயிலில் கெட்டது

சாதாரண டயரின் இறப்பர் சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இறுகத் தொடங்கும். இறுகிய இறப்பர் வீதியைப் பிடிக்காது. பனிக்கால டயரின் இறப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி கலக்கப்பட்டது. அதன் பூவின் மேல் பிளேடால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவைதான் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

இந்த இரண்டு குணங்களும் எமது வீதியில் எதிராக வேலை செய்கின்றன. குளிருக்கு மென்மையான இறப்பர் 30 பாகை வெயிலில், கொதிக்கும் தாரில் மேலும் இளகி விரைவாகத் தேயும். மெல்லிய வெட்டுகளால் பிரிந்த பூக்கட்டைகள் பாரத்தில் அசைந்து கொடுக்கும். வளைவில் வண்டி மிதப்பது போலிருக்கும். பிரேக் அடித்தால், காய்ந்த வீதியிலும் சரி, மழை நனைத்த வீதியிலும் சரி, எமது காலநிலைக்கேற்ற டயரை விடத் தூரம் போய்த்தான் நிற்கும். பின்னால் ஒரு தொன் அரிசி மூடைகளோடு கடுகண்ணாவை இறக்கத்தில் வருகின்ற வண்டிக்கு இந்தத் தூரம் சின்ன விடயமல்ல.

“நுவரெலியாவுக்கு மரக்கறி எடுக்கப் போகிறோம், அங்கு குளிர்தானே” என்று சிலர் கேட்கலாம். அங்கு தை, மாசி மாதங்களில் சில அதிகாலைகளில் உறைபனி படிவது உண்மைதான். ஆயினும் வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். வண்டி ஓடும் மீதி நேரமும் மீதித் தூரமும் வெப்பமான வீதியில்தான்.

பூவின் ஆழம் ஏமாற்றும்

ஜப்பானியப் பனிக்கால டயர்களில் வழக்கமான 1.6 மில்லிமீற்றர் தேய்மான அடையாளத்தோடு இன்னொரு அடையாளமும் இருக்கும். பூ பாதியளவு தேய்ந்ததும் அது மேலே தெரியும். அதற்குப் பிறகு அந்த டயர் பனிக்கு உதவாது என்பது பொருள். புதிதில் 10 மில்லிமீற்றர் ஆழமுள்ள டயரென்றால், 5 மில்லிமீற்றர் மீதமிருக்கும்போதே அங்கு அதன் வேலை முடிந்தது. எமது கண்ணுக்கோ அது இன்னும் பாதி ஆயுள் உள்ள நல்ல டயராகத் தெரியும்.

நியூசிலாந்துக்கும் ஜப்பானில் பாவித்த வாகனங்கள் பெருமளவில் போகின்றன. பனி பெய்யும் இடங்கள் உள்ள அந்த நாட்டிலேயே வாகனப் பரிசோதனையில் பனிக்கால டயருக்குத் தனி விதி வைத்திருக்கிறார்கள். பூட்டுவதென்றால் எல்லாச் சில்லுகளுக்கும் அதே ரகம் பூட்ட வேண்டும். ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. முன்னுக்கு ஒரு ரகமும் பின்னுக்கு இன்னொரு ரகமும் போட்டால், ஒரு பக்கம் பிடிக்கும்போது மறு பக்கம் வழுக்கும் என்பதே காரணம். பின்னுக்கு மட்டும் இரண்டு மலிவு டயர் போடும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

டயரின் பக்கச் சுவரை ஐந்து நிமிடம் வாசித்தால் போதும்.

1. ரகம்: ‘ஸ்டட்லெஸ்’ அல்லது ‘ஸ்னோ’ என்ற ஆங்கில எழுத்துகளோ, மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த படமோ இருந்தால் கவனம் தேவை. பூவில் நெருக்கமான மெல்லிய வெட்டுகள் இருப்பதும் அடையாளமே.

2. வயது: நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாவிட்டாலும் இறப்பர் முதுமையடையும். ஐந்து வருடத்துக்குப் பின் வருடந்தோறும் பரிசோதிக்க வேண்டும். பத்து வருடம் கடந்ததை மாற்றிவிட வேண்டும் என்பது பல தயாரிப்பாளர்களின் அறிவுரை.

3. பாரம்: அளவுக்குப் பக்கத்தில் பாரக் குறியீடு இருக்கும். 195ஆர்14சி என்ற அளவில் 106/104 என்று போட்டிருந்தால், தனிச் சில்லாகப் பூட்டும்போது ஒரு டயர் 950 கிலோகிராம் தாங்கும், இரட்டைச் சில்லில் 900 கிலோகிராம் தாங்கும். கார் டயரொன்றில் 91 என்றிருந்தால் தாங்குவது 615 கிலோகிராம் மட்டுமே. பின் அச்சில் இரண்டு சில்லுகளுக்குக் கணக்குப் பார்த்தால் 1900 எங்கே, 1230 எங்கே? சரியான காற்று அடித்திருந்தால்தான் இந்த எண்களும் செல்லும்.

விலையை அல்ல, கிலோமீற்றரைக் கணக்கிடுங்கள்

கணக்கு விளங்குவதற்காக ஒரு எடுத்துக்காட்டு. பாவித்த டயர் 12,000 ரூபா, ஓடுவது 10,000 கிலோமீற்றர் என்று வைப்போம். கிலோமீற்றருக்கு 1 ரூபா 20 சதம். புதிய டயர் 40,000 ரூபா, ஓடுவது 50,000 கிலோமீற்றர் என்றால், கிலோமீற்றருக்கு 80 சதம். மலிவென்று நினைத்ததுதான் விலை கூடியது. நடுவழியில் வண்டி நின்று, சரக்கு பிந்தி, வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போன நட்டம் இதில் சேரவில்லை. உங்கள் வண்டிக்கு ஒரு சிறு கொப்பி வைத்து, டயர் பூட்டிய திகதியையும் அன்றைய மீற்றர் எண்ணையும் எழுதி வாருங்கள். உங்கள் வண்டியின் உண்மையான கணக்கு ஒரு வருடத்தில் உங்கள் கையிலேயே இருக்கும்.

மேலதிகச் சில்லுகள்: எமக்குள்ள படிப்பினை

பனி நாடுகளில் கெப் வைத்திருப்போர் பலர் ஒரே வண்டிக்கு இரண்டு தொகுதி டயர் வைத்திருக்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். வருடம் இருமுறை ஒரே றிம்மில் டயரைக் கழற்றிப் பூட்டினால் கூலியும் போகும், டயரின் விளிம்பும் கெடும். எனவே பனிக்கால டயரைத் தனியாக இரும்பு றிம்களில் பூட்டி வைத்து, சில்லாகவே மாற்றிக் கொள்கிறார்கள்.

எமக்கு இரண்டு பருவத் தொகுதி தேவையில்லை. ஆனால் சில்லாகவே தயார் நிலையில் வைத்திருக்கும் முறை எமக்கும் பொருந்தும். ஒரே ரகத்தில் இரண்டு, மூன்று கெப் ஓட்டுபவர், கடையில் றிம்மோடு பூட்டிய இரண்டு சில்லுகளை வைத்திருந்தால், பஞ்சருக்காக ஒரு நாள் விநியோகம் நிற்காது. வாங்குமுன் றிம்மைச் சரிபாருங்கள். போல்ட் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். ஜப்பானிய டபிள் கெப் பலவற்றில் ஆறு போல்ட், 139.7 மில்லிமீற்றர். நடுத் துளையும் றிம் தாங்கும் பாரமும் பொருந்த வேண்டும். நட்டு உட்காரும் இடம் சாய்வானதா தட்டையானதா என்பதையும் பாருங்கள். அலோய் றிம்மின் நட்டு இரும்பு றிம்முக்குச் சில வேளை சேராது. சில்லு மாற்றி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அவசியம்.

வண்டிக்குக் கீழே தொங்கும் உபரிச் சில்லு சேறும் தண்ணீரும் பட்டுத் துருப்பிடிக்கும். தேவையான நேரம் இறங்காது. வருடம் இருமுறை அதை இறக்கி, சங்கிலிக்குக் கிறீஸ் போட்டு, மாதம் ஒருமுறை காற்றையும் பாருங்கள். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் வேறு அளவுள்ள உபரிச் சில்லைப் பூட்டி நெடுந்தூரம் ஓட்டினால் டிபரன்சியலும் பழுதாகும்.

டயர் விற்கும் எமது சகோதர வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இது பனிக்கால டயர் என்று தெரிந்தால் வாங்குபவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் நம்பிக்கையோடு மீண்டும் வருவது அந்த ஒரு சோடி டயரின் இலாபத்தை விடப் பெரிது. வாங்குபவரும் அடுத்த முறை பூவில் விரலை விட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், பக்கச் சுவரையும் வாசித்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும்.