ஐப்பசியில் நடுங்கள், கவாத்துக்குப் பொறுங்கள்

பழனி மலைப் பகுதி வீட்டுத் தோட்டங்களுக்கு: அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரம் இது. பழனி மலைக்கு ஆண்டின் பெருமழை இந்த மழைதான். பூமரமும் பூஞ்செடியும் நட இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் பழனி நகரத்துக்கும் கொடைக்கானலுக்கும் உயரத்தில் ஏறத்தாழ 6,000 அடி வேறுபாடு உண்டு. அடிவாரத்தில் இந்த இரண்டு மாத ஈரத்திலேயே கன்று வேர்பிடித்துவிடும். மேலேயோ இரண்டு மாதம் முடிவதற்குள் உறைபனி வந்துவிடும். எனவே பக்கத்து ஊர்க்காரர் நடுகிறார் என்று நடாமல், உங்கள் வீடு இருக்கும் உயரத்தைப் பார்த்து நாளைக் குறியுங்கள்.

அடிவாரம் (பழனி, ஆயக்குடி, வத்தலக்குண்டு, பெரியகுளம்)

சரக்கொன்றை, பூமருது, மந்தாரை, பவழமல்லி ஆகியவற்றை இப்போது நடலாம். இரண்டு அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுங்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, மக்கிய தொழுவுரம் கலந்து, அதையே குழியில் திரும்ப இடுங்கள். இரண்டு நல்ல மழைக்குப் பிறகு நடுங்கள். பிளாஸ்டிக் பையை முழுவதும் கிழித்து எடுத்துவிட வேண்டும். வேர் பைக்குள் சுருண்டிருந்தால் விரலால் பிரித்துவிடுங்கள். மரமல்லி ஆசை இருந்தால் வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் தள்ளி வையுங்கள். அதன் கிளை பலத்த காற்றில் எளிதில் முறியும். காகிதப்பூவுக்கு மழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். ஈரம் குறைந்தால்தான் அது கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

கீழ்மலை (தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை)

இங்கே உறைபனி பயம் குறைவு. தேங்கும் நீரும் காற்றும்தான் பகை. செண்பகம், ஜெகரண்டா இரண்டும் இந்த உயரத்துக்கு ஏற்றவை. சரிவில் நடும்போது குழிக்கு மேல்பக்கம் பிறை வடிவில் சிறு வாய்க்கால் வெட்டி, ஓடிவரும் வெள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். தண்டைச் சுற்றி மண்ணைச் சற்று மேடாக அணையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயல், கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது நினைவிருக்கும். ஆகவே பெரிதாகும் மரத்தை வீட்டுக் கூரையிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி நடுங்கள். இளங்கன்றுக்குக் கம்பு ஊன்றி, தளர்வாகக் கட்டுங்கள்.

கொடைக்கானலும் மேல்மலையும் (வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர்)

புது நடவை நவம்பர் நடுவுக்குள் முடித்துவிடுங்கள். பிந்தினால் வேர் பிடிக்குமுன் குளிர் தாக்கும். தழைச்சத்து உரத்தையும் அதோடு நிறுத்துங்கள். உரத்தில் வரும் பிஞ்சுத் தளிரே முதலில் கருகும்.

கத்தரிக்கோலை எடுக்குமுன் செடியைப் பாருங்கள். கேமெலியாவும் அசேலியாவும் வரப்போகும் பூவுக்கு இப்போதே மொட்டுக் கட்டியிருக்கும். வெட்டினால் பூ போகும்; பூத்து முடித்த பிறகே அவற்றைக் கவாத்து செய்ய வேண்டும். ஹைட்ரேஞ்சியாவின் பெரும்பாலான வகைகள் போன ஆண்டுக் கிளையில்தான் பூக்கும். காய்ந்த பூங்கொத்தை மட்டும், அடுத்திருக்கும் பருத்த மொட்டு இணைக்கு மேலே நறுக்குங்கள். நம் மலைமண் புளிப்பு மண்; அதனால்தான் அந்தப் பூ இங்கே நீலமாக வருகிறது. நீலம் வேண்டுவோர் அதன் அடியில் சாம்பலோ சுண்ணாம்போ போட வேண்டாம்.

ரோஜா புதுத் தளிரில் பூப்பது. இருந்தாலும் பெருமழையில் அதை வெட்டாதீர்கள். வெட்டுவாய் வழியே நோய் இறங்கும். மழை ஓய்ந்து, டிசம்பர் கடைசியில் தொடங்கலாம். உறைபனி விழும் பள்ளமான இடங்களில் ஜனவரி இறுதிவரை பொறுங்கள். சமவெளியில் கவாத்துக்குப் பின் ஒன்றரை மாதத்தில் பூ வரும். மலைக்குளிரில் இன்னும் நாளாகும். ஜனவரியில் வெட்டினாலும் மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும்போது உங்கள் வாசலிலும் பூ இருக்கும். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் அரை அரை லிட்டர் நீரில் தனித்தனியே கரைத்துக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது.

உறைபனிக்கு ஏற்பாடு

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போல் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். அதனால் கொடைக்கானல் ஏரியை ஒட்டிய தாழ்நிலத்தில் வெண்பனி படியும்போது, சற்று மேலே சரிவில் உள்ள தோட்டம் தப்பிவிடும். ஃபியூஷியா, செம்பருத்தி போன்ற மென்மையான செடிகளைத் தொட்டியில் வைத்திருந்தால் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். மேகமும் காற்றும் இல்லாத மாலை வந்தால் அன்றிரவு உறைபனியை எதிர்பாருங்கள். பகலிலேயே மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். வெயில் சாயுமுன் நான்கு கம்பு நட்டு, இலையில் படாதபடி சாக்கோ நிழல்வலையோ போர்த்துங்கள். காலையில் எடுத்துவிடுங்கள். கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். அடியில் இருக்கும் உயிருள்ள பகுதிக்கு அது மறைப்பு. பிப்ரவரி கடைசியில் துளிர் வருவதைப் பார்த்து வெட்டலாம்.

காட்டுமாடு கொடைக்கானலில் தெருவுக்கே வருகிறது. ரோஜாத் தளிரையும் மேயும். வேலியை இப்போதே சரிசெய்யுங்கள். மின்வேலி வேண்டவே வேண்டாம்.

நாற்று வாங்கும்போது

உன்னிச்செடி அழகுக்கென்றே இந்தியாவுக்கு வந்தது. இன்று காட்டை மூடியிருக்கிறது. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் வனத்துறை வெட்டி அகற்றிவரும் மஞ்சள் கொன்றையும் அலங்கார மரமாக வந்ததுதான். சரக்கொன்றை என்று சொல்லி மஞ்சள் கொன்றை நாற்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். சரக்கொன்றைப் பூ சரமாகத் தொங்கும். மஞ்சள் கொன்றைக் கொத்து நிமிர்ந்து நிற்கும்.

சோலைக்காட்டின் சொந்தப் பூமரங்களுக்கு மேல்மலைத் தோட்டத்தில் இடம் கொடுங்கள். சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் ரோஜா நிறத்தில் பூக்கும் தவிட்டுக்கொய்யாவும் இந்த மலையின் குளிரும் மண்ணும் அறிந்தவை. நாற்றங்காலில் வளர்த்த கன்றையே வாங்குங்கள். காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். குறிஞ்சிக்கும் இதே விதி. 2018-இல் பூத்த அது அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். செடி சரிவிலேயே இருக்கட்டும்.

உங்கள் உயரத்துக்கு எது பொருந்தும் என்ற ஐயம் இருந்தால், கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களில் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.