பதிலடி வரியும் பாறசாலை எல்லையும்

‘டாரிஃப்’ என்ற சொல்லை நம் பிள்ளைகள் செய்திகளில் அடிக்கடி கேட்கிறார்கள். தமிழில் இறக்குமதி வரி அல்லது சுங்கம் எனலாம். ஒரு நாடு நம் பொருளுக்கு வரி கூட்ட, பதிலுக்கு நாமும் அதன் பொருளுக்குக் கூட்டினால் அது பதிலடி வரி. அதைத் துறைமுகத்தில் கட்டுகிறவர் அயல்நாட்டார் அல்லர். சரக்கை இறக்கும் நம் வியாபாரிதான். பெரும்பாலும் அது கடை விலையில் ஏறிவிடும்.

2018-இல் அமெரிக்கா எஃகுக்கு 25 சதவீதமும் அலுமினியத்துக்கு 10 சதவீதமும் வரி விதித்தது. 2019 ஜூன் 16 முதல் இந்தியா அமெரிக்க ஆப்பிள், வாதுமை, அக்ரூட் முதலியவற்றுக்கு வரியைக் கூட்டியது. ஆப்பிளுக்கு 50 சதவீதமாக இருந்தது 70 ஆயிற்று. 2018-19-இல் 1,27,908 டன் வந்த அமெரிக்க ஆப்பிள் 2022-23-இல் 4,486 டன்னாகச் சுருங்கியது. அந்த இடம் முழுவதும் காஷ்மீர், இமாசலத் தோட்டக்காரருக்குக் கிடைத்ததா? இல்லை. துருக்கி, ஈரான், இத்தாலி, சிலி நாட்டுப் பழங்கள் வந்து புகுந்தன! 2023 செப்டம்பரில் அந்தக் கூடுதல் வரி நீங்கியது.

இனி, நான் பிறந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்கு வருவோம். களியக்காவிளை தமிழ்நாடு, அதே சாலையில் சற்றுத் தள்ளிப் பாறசாலை, அது கேரளம். 1956 நவம்பர் 1 வரை இரண்டுக்கும் நடுவே மாநில எல்லையே இல்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. மன்னராட்சியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் சரக்குக்குச் சுங்கம் உண்டு. அதையும் 1865-இல் பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் பேசி உடன்படிக்கை செய்து, பெரும்பாலான பொருள்களுக்கு நீக்கிவிட்டன. உப்பு, புகையிலை போன்றவை விதிவிலக்கு.

இன்று கேரளம் தமிழ்நாட்டுக் காய்கறிக்குப் பதிலடிச் சுங்கம் போட முடியுமா? முடியாது. சுங்கம் மத்திய அரசின் அதிகாரம். மாநிலங்களுக்கிடையே வணிகம் தடையின்றி நடக்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 301-ஆம் பிரிவு. அமரவிளைச் சாவடியில் லாரிகள் காத்துக் கிடந்தது விற்பனைவரிச் சோதனைக்காக. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்தச் சோதனையும் போயிற்று.

வரி போட முடியாவிட்டாலும் வழியை மறிக்கலாமே! 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, தமிழ்நாட்டில் கேரளம் போகும் சாலைகளை மறித்தார்கள். பெரியாற்று நீரை நம்பியிருக்கும் தேனி விவசாயிகளின் அச்சம் நியாயமானதே. ஆனால் மறியலில் விளைச்சலை அனுப்ப வழியின்றித் தவித்ததும் அவர்களே. கேரளத்தில் காய்கறி விலை ஏறியது. பாறசாலைத் தமிழ்க் குடும்பங்களும் அந்த விலை கொடுத்துத்தான் சாம்பார் வைத்தன.