"எத்தனை மில்லி இருக்குண்ணே?"

எண்ணெய் மாற்றுவதற்காகக் காரைப் பட்டறையில் விடுகிறோம். ஒரு மணி நேரத்தில் போன் வருகிறது. "தம்பி, முன்னாடி பிரேக் பேட் மெலிஞ்சு போச்சு. டிஸ்க்கும் மாத்தணும் போல. டயர் உள்பக்கம் தேய்ஞ்சிருக்கு, அலைன்மென்ட் பாக்கணும். பேரிங்கும் லேசா சத்தம் போடுது. செஞ்சிடவா?"

நம் இளைஞர்கள் பலரிடம் இதற்கு இரண்டே பதில்கள்தான். கையில் காசு இருந்தால் "எல்லாத்தையும் செஞ்சிடுங்கண்ணே". இல்லாவிட்டால் "அப்புறம் பாத்துக்கலாம்ணே". இரண்டுமே காரைப் பார்த்துச் சொல்லும் பதில் இல்லை, பாக்கெட்டைப் பார்த்துச் சொல்லும் பதில்.

சிங்கப்பூரில் 3 வயதைத் தாண்டிய கார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். 10 வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் போக வேண்டும். நம் மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான காருக்கு அப்படி ஆண்டுச் சோதனை கிடையாது. விற்று, பெயர் மாற்றும்போதுதான் பெரும்பாலும் சோதனை நிலையத்தையே பார்க்கிறோம். ஆக, இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் நம் பிரேக்கைப் பார்க்கிற ஒரே ஆள் அந்த ஃபோர்மேன்தான். அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளத் தெரியாமல் இருப்பது ஆபத்து.

முதலில் பேட். "மெலிஞ்சு போச்சு" என்பது அபிப்பிராயம். "4 மில்லி இருக்கு" என்பதுதான் தகவல். புதிய முன்பக்கப் பேடில் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் தடிப்பாக இருக்கும். 5, 6 மில்லி இருந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். 3 மில்லிக்கு வந்துவிட்டால் மாற்றும் நாளைக் குறிக்க வேண்டும். 2 மில்லிக்கும் கீழே என்றால் அன்றைக்கே மாற்ற வேண்டும், சம்பளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஏனென்றால் அந்தப் பகுதி தீர்ந்ததும் பின்னால் இருக்கும் இரும்புத் தகடு நேராக டிஸ்க்கில் உரசும். பிரேக் பிடிக்காமல் போவது ஒரு பக்கம், பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவது இன்னொரு பக்கம். பல பேடுகளில் ஒரு சின்ன உலோக நாக்கு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டுக் கீச்சென்று கத்தும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி அதை அமுக்கிவிடுகிற ஆட்களும் நம்மிடையே உண்டு.

அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 60,000 கிலோமீட்டரில் 6 மில்லி, 75,000-இல் 4 மில்லி என்று வைத்துக்கொள்வோம். 15,000 கிலோமீட்டருக்கு 2 மில்லி தேய்ந்திருக்கிறது. அதே மாதிரி ஓட்டினால் 82,000 வாக்கில் 3 மில்லியைத் தொடும். இப்போது செலவு எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும், முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம்.

டிஸ்க்குக்கும் ஓர் எண் உண்டு. எந்த அளவுக்கு மேல் தேயக் கூடாது என்று பெரும்பாலான டிஸ்க்குகளின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறித்தே இருப்பார்கள். அளந்து பார்த்து அதற்குக் கீழே போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும், பேச்சே இல்லை. ராத்திரி மழைக்குப் பிறகு தெரியும் மெல்லிய துருவைக் காட்டி யாராவது மாற்றச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாலு தடவை பிரேக் பிடித்தால் அது போய்விடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது பிரேக் எண்ணெய். டப்பாவில் அளவு குறைந்திருக்கிறது என்றால் கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே நகர்கிறது, அந்த இடத்தை எண்ணெய் நிரப்புகிறது, அதனால் டப்பாவில் மட்டம் இறங்குகிறது. எங்காவது கசிவும் இருக்கலாம். பேடையும் குழாயையும் பார்க்காமல் எண்ணெயை ஊற்றுவது, எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது மாதிரி. தவிர, இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அதற்குரிய அளவு 140 டிகிரிதான். கெந்திங்கிலோ கேமரன் மலையிலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி எண்ணெய் கொதிக்கும், குழாயில் ஆவி சேரும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால்தான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். இந்த ஆலோசனையைப் பணம் பறிக்கும் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். கியரைக் குறைத்து இறங்குவதும் இதற்காகத்தான்.

சக்கரம் பற்றிய ஆலோசனைகளுக்கு உங்கள் சொந்த அனுபவமே பாதிச் சாட்சி. 90, 100-இல் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் பேலன்சிங்கைச் சந்தேகிக்கலாம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். எப்போதும் ஒரு பக்கமாக இழுத்தால் காற்றையும் அலைன்மென்டையும் பார்க்க வேண்டும், பிரேக் பிடிக்கையில் மட்டும் இழுத்தால் காலிப்பர் சிக்கியிருக்கலாம். பேரிங் போனால் ஊங்காரம் மாதிரி ஒரு சத்தம் வரும். இடப்பக்கம் வளையும்போது அது கூடினால் பெரும்பாலும் வலப்பக்கப் பேரிங்தான், ஏனென்றால் எடை அந்தப் பக்கம் சாய்கிறது. காரை ஜேக்கில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது.

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லி. டயர் தேய்ந்து அதற்குச் சமமாக வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. நம் ஊர் மழைக்கு அதுவரை காத்திருப்பதே அதிகம் என்பேன்.

பெண் பிள்ளைகள் தனியாகப் போனால் பட்டியல் நீளும் என்று ஒரு பேச்சு உண்டு. "எத்தனை மில்லிண்ணே? கழட்டினதைக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல ஃபோர்மேன் கோபப்பட மாட்டார், கையில் எடுத்தே காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் சண்டை போட வேண்டாம், இன்னொரு பட்டறையில் அளக்கச் சொல்லலாம்.

வேலை முடிந்த பிறகும் சில விஷயங்கள் உண்டு. பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், அதனால் முதல் மிதியில் பெடல் இறங்கலாம். பட்டறையை விட்டு நகரும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை மிதித்துப் பாருங்கள். முதல் 200, 300 கிலோமீட்டர் வரை, அவசரம் இல்லாவிட்டால், திடீரென்று அழுத்திப் பிடிக்க வேண்டாம். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை ஒருமுறை முறுக்கிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதற்கு யாரும் காசு வாங்குவதில்லை.