அரை அங்குல இரும்பும் அரை மில்லிமீட்டர் பித்தளையும்

விக்டரி கப்பலின் கீழ்த்தளத்தில் நின்ற 32 பவுண்டர் பீரங்கியை 24-இல் ஒரு பங்காக வீட்டில் செய்து முடித்திருக்கிறேன். 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் ஏறி நின்ற கப்பல் அது. இன்றும் போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. ஒன்பதரை அடி நீளக் குழாய் என் மேசையில் 12 சென்டிமீட்டராகச் சுருங்கிவிட்டது. குழாயும் மரவண்டியும் சீக்கிரமே முடிந்தன. வாரக்கணக்கில் என்னை உட்காரவைத்தவை, வண்டியில் பூட்டும் இரும்புச் சாமான்கள்தான்.

அவற்றில் கடினமானது முளைமூடி. குழாயின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் முளைகள் வண்டியின் பள்ளத்தில் உட்காரும். சுட்டதும் இரண்டே முக்கால் டன் குழாய் துள்ளி எழாதபடி, மேலே வளைந்து பிடிக்கும் இரும்புப் பட்டைதான் மூடி. அதன் ஒரு முனை கீல்போல் மடங்கி ஆணியில் தொங்கும். மறுமுனையில் உள்ள துளை வழியாக இன்னொரு ஆணியின் கண் மேலே வரும், அந்தக் கண்ணில் ஆப்பு செருகுவார்கள். ஆப்பு தொலையாமலிருக்கச் சிறு சங்கிலியால் வண்டியோடு கட்டியிருப்பார்கள். இந்த வேலையைப் புரிந்துகொண்ட பிறகே எனக்கு மூடியின் அளவு பிடிபட்டது. அதற்கு முன் படத்தைப் பார்த்து வெட்டிய நான்கும் அழகாக இருந்தன, ஒன்றுகூடப் பூட்டவில்லை.

அரை மில்லிமீட்டர் பித்தளைத் தகடு எடுங்கள். 24-ஆல் பெருக்கினால் 12 மில்லிமீட்டர், ஏறக்குறைய அரை அங்குல இரும்பு. 6 மில்லிமீட்டர் அகலத்தில் நறுக்கி, மங்கிய வெளிச்சத்தில் லேசாகச் சிவக்கும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். வெயிலில் செய்தால் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, தகடு உருகிவிடும். பிறகு முளையைவிடச் சற்றே ஒல்லியான டிரில் பிட்டின் தண்டில் வைத்து வளையுங்கள். பித்தளை கொஞ்சம் விரிந்து வரும், அப்போது முளைக்குச் சரியாக இருக்கும். நான் செய்த பெரிய தவறு, வளைப்பதற்கு முன்பே துளை போட்டது. வளைவு நீளத்தைத் தின்றுவிட்டு, ஆணியும் துளையும் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றன. வளைத்து, வண்டியில் வைத்து, ஆணி எங்கே நிற்கிறதென்று ஊசியால் கீறிய பிறகே துளை போடுங்கள். அடுத்தடுத்து இரண்டு சின்னத் துளைகள் போட்டு, இடையே உள்ளதை ஊசி அரத்தால் ராவினால் நீளத்துளை கிடைக்கும்.

வளையங்களுக்கும் கண் ஆணிகளுக்கும் செம்புதான் நல்லது. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒன்றரை ஸ்கொயர் ஒற்றைக் கம்பி 1.38 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். வடம் கட்டும் பெரிய வளையத்துக்கு அது போதும், மற்றவற்றுக்கு மெலிந்த கம்பி எடுங்கள். ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறுமுனையைக் குறட்டால் இழுங்கள். கம்பி சற்றே நீள்வது கைக்குத் தெரியும், நிறுத்திவிடுங்கள். கோணலும் போய், விறைப்பும் வந்திருக்கும். அதை டிரில் தண்டில் ஸ்பிரிங்போலச் சுற்றி நெடுக வெட்டினால் ஒரே அளவில் வளையங்கள் உதிரும்.

வாய் சேர்க்க நான் முதலில் ஈயம் வைத்தேன். கறுப்பேற்றும்போது அந்த இடம் மட்டும் வெள்ளையாகப் பல்லிளித்தது. பிறகு எங்கள் தெருப் பத்தரிடம் போய் வெண்காரமும் வெள்ளிப்பொடியும் வைத்துப் பற்றவைக்கக் கற்றேன். "தம்பி, நெருப்பைப் பொடிமேல காட்டாதீங்க. சாமான் முதல்ல காயட்டும், பொடி தானா ஓடும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் என் பாதிச் சிக்கல் தீர்ந்தது. காட்மியம் கலந்த பொடியை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். கே.டி.எம். நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதே காட்மியம்தான். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். பற்றிய இடத்தை ஆணியின் கண்ணுக்குள் திருப்பிவிட்டால் வெளியே தெரியாது.

புளித்தண்ணீரில் கொதிக்கவைத்துக் கழுவியபின் விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் கறுப்பு ஏறாது. அவித்த முட்டையை நசுக்கி, செம்புச் சாமான்களோடு மூடிய டப்பாவில் ஓரிரவு வையுங்கள், முட்டையின் கந்தகம் செம்பைக் கறுக்கவைக்கும். பித்தளைக்கு இது சரிப்படாது, மூடிகளுக்கு மெல்லிய கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

எதையும் பசை போட்டு ஒட்டும் முன், ஆப்பைச் செருகி வண்டியைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். குழாய் அசையாமல் நின்றால் ஒட்டலாம். அசைந்தால் அந்த மூடியைக் கழற்றி, புதிதாக ஒன்று வெட்டுங்கள்.