சுழி சரி, அளவு தவறு: பழுதான அளவிகளிலிருந்து ஓர் அளவீட்டுப் பாடம்

ஒன்பதாம் வகுப்பு அளவீட்டுப் பாடத்தில் சுழிப்பிழைக்கு மாணவர்கள் தரும் விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நேர்ச்சுழிப்பிழை என்றால் கழிக்க வேண்டும், எதிர்ச்சுழிப்பிழை என்றால் கூட்ட வேண்டும் என்று தயங்காமல் சொல்வார்கள். "அப்படியானால் சுழிப்பிழை இல்லாத கருவி சரியான கருவிதானே?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு முழுவதும் "ஆமாம்" என்றே பதில் வரும். அந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்க எங்கள் பள்ளியில் நாங்கள் மேற்கொண்ட செயல்பாட்டை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கோவையில் இந்தப் பாடத்துக்குத் தனி வலிமை உண்டு. உள்நாட்டில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார்களில் ஒன்று 1937-இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியில் உருவானது இந்த ஊரில்தான். புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டரும் இவ்வூருக்கு உரியது. மோட்டார், பம்பு, கிரைண்டர் ஆகியவற்றின் உதிரிபாகங்களில் ஒரு பகுதி வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளில் கடைசல் ஆகிறது. முன்னறையில் ஒரு லேத், சுவரோரம் ஒரு மேசை, மேசை இழுப்பறையில் ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு டயல் கேஜ் என்று இருக்கும் வீடுகளிலிருந்து எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். நாம் 'திருகு அளவி' என்று சொல்வதை அவர்கள் வீட்டில் 'மைக்ரோமீட்டர்' என்கிறார்கள். இரண்டு பெயரையும் கரும்பலகையில் அருகருகே எழுதுவதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம்.

பட்டறையிலிருந்து ஒரு கேள்வி

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு மாணவியின் தந்தை வீட்டிலேயே லேத் வைத்து மோட்டார் தண்டு கடைந்து தருபவர். அவர் அனுப்பிய ஒரு நாள் வேலை முழுவதும் "பேரிங் உட்காரவில்லை" என்று திரும்பி வந்துவிட்டது. கூலியோடு இரும்பும் நட்டம். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

"மைக்ரோமீட்டர்ல சுழி சரியாத்தானுங்க இருந்துச்சு. இருபத்தஞ்சு எம்.எம். ராடு வெச்சுப் பார்த்தேன், அதுவும் சரிங்க. ஆனா நாங்க வருசம் பூரா பதினேழு எம்.எம். தானுங்க புடிக்கிறோம். அந்த எடத்துலயே திருகு தேஞ்சு போச்சுங்க டீச்சர்."

திருகு அளவி முழுவதும் அதன் திருகுப் புரியை நம்பியே இயங்குகிறது. ஒரே அளவைத் திரும்பத் திரும்ப அளந்தால் புரியின் அந்தப் பகுதி மட்டும் கூடுதலாகத் தேயும். தொடக்கத்தில் சரி, முடிவில் சரி, வேலை நடக்கும் இடத்தில் தவறு. 17 மி.மீ. தண்டில் பேரிங் உட்காரும் பகுதிக்கு அனுமதிக்கப்படும் விலக்கம் ஒரு சில மைக்ரான்கள்தான் (1 மைக்ரான் = 0.001 மி.மீ.). கருவி 0.01 மி.மீ. தவறாகக் காட்டினாலே வேலை திரும்பி வந்துவிடும்.

நம் பாடநூலின் சுழித்திருத்தம் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்காது. அதனால்தான் இது நல்ல பாடமாகிறது.

கருவியைச் சோதிக்க எதைக் கொண்டு அளப்பது?

தொழிற்சாலைகளில் இதற்குச் சிலிப் கேஜ் எனப்படும் எஃகுக் கட்டைகள் உண்டு. பள்ளியில் அவை இருக்காது. அதற்கு மாற்றாக, புதிய பால் பேரிங்குகளைப் பயன்படுத்தலாம். பேரிங்கின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணே அதன் அளவைச் சொல்லிவிடும்.

624 என்றால் புறவிட்டம் 13 மி.மீ.; 625 என்றால் 16; 626 என்றால் 19; 608 என்றால் 22; 6201 என்றால் 32; 6203 என்றால் 40; 6204 என்றால் 47. உள்விட்டங்களில் 608-க்கு 8, 6201-க்கு 12, 6203-க்கு 17, 6204-க்கு 20 மி.மீ.

சாதாரணத் தரப் பேரிங்கிலேயே இந்த விட்டங்கள் குறித்த அளவைவிட ஏறத்தாழ 0.01 மி.மீ.க்கு மேல் குறையாதபடி செய்யப்படுகின்றன. 0.02 மி.மீ. மீச்சிற்றளவு கொண்ட வெர்னியரைச் சோதிக்க இது போதும். ஒரு எச்சரிக்கை: பேரிங்கின் அகலத்தை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். அகலத்துக்கு அனுமதிக்கப்படும் விலக்கம் விட்டத்துக்கு உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம்.

பள்ளி ஆய்வகத்து வெர்னியர் அளவியின் மீச்சிற்றளவு 0.1 மி.மீ. என்பதால் சிறு பிழைகள் அதில் தெரியாது. பெற்றோர் பட்டறைகளில் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் பழைய வெர்னியர்களைக் கேட்டு வாங்கினேன். முதன்மைக் கோலின் 49 மி.மீ. நீளத்தை வெர்னியர் கோலில் 50 பிரிவுகளாகப் பிரித்திருப்பதால் அவற்றின் மீச்சிற்றளவு 0.02 மி.மீ. இதைக் கணக்கிட்டுச் சொல்வதே மாணவர்களுக்கு முதல் பயிற்சி.

செயல்பாடு: மூன்று வெர்னியர்கள், மூன்று தீர்ப்புகள்

வகுப்பை மூன்று குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வெர்னியரும் சில பேரிங்குகளும் கொடுத்தோம். ஒவ்வொரு பேரிங்கையும் தாடையின் நுனியில் மூன்று முறை, நடுவில் மூன்று முறை அளந்து அட்டவணையில் எழுத வேண்டும். 22 மி.மீ. பேரிங்குக்குக் கிடைத்த அளவுகள் இவை:

கருவி அ: தாடைகளை மூடினால் +0.04. பேரிங்கை நுனியில் பிடித்தாலும் நடுவில் பிடித்தாலும் 22.04. மற்ற பேரிங்குகளிலும் அதே 0.04 கூடுதல்.

கருவி ஆ: மூடினால் 0.00. நுனியில் 22.00. நடுவில் 21.92.

கருவி இ: மூடினால் 0.00. ஒரே இடத்தில் மூன்று முறை அளந்தபோது 22.00, 22.06, 21.98.

"எந்தக் கருவி மோசம்?" என்ற கேள்விக்கு, அட்டவணை நிரம்பும் முன்பு எல்லாக் குழுக்களும் 'அ' என்றே கூறின. சுழிப்பிழை அதில் மட்டும்தான் இருந்தது. அட்டவணை நிரம்பிய பிறகு விவாதம் தொடங்கியது. 'அ'வின் பிழை எங்கும் ஒரே அளவு. கழித்துவிட்டால் உண்மை அளவு கிடைத்துவிடும். மற்ற இரண்டிலும் எதைக் கழிப்பது?

மாறாத பிழையைக் கணக்கால் நீக்கலாம். மாறும் பிழையைக் கணக்கால் நீக்க முடியாது. இந்த ஒரு வரியை மாணவர்களே சொல்லும் வரை விவாதத்தை நீட்டிக்கலாம்.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

அடுத்த வகுப்புக்கு அந்தத் தந்தையே வந்து உதவினார். மூன்று கருவிகளின் காரணங்களையும் மாணவர்கள் முன் காட்டினார்.

'இ'யில் பிழை தாறுமாறாக வரக் காரணம் நகரும் தாடையின் ஆட்டம். நகரும் பகுதியின் மேல்விளிம்பில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். அவற்றின் அடியில் ஒரு மெல்லிய தகடு தாடையைக் கோலோடு அழுத்திப் பிடித்திருக்கும். திருகுகள் தளர்ந்தால் தாடை சாயும். பேரிங்கை அழுத்திப் பிடித்தால் ஒரு அளவு, மெல்லப் பிடித்தால் ஒரு அளவு வரும். கோலை நன்றாகத் துடைத்துவிட்டு, இரு திருகுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினார். தாடை இறுக்கமில்லாமல் வழுக்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. பிறகு அளந்தபோது மூன்று முறையும் 22.00 வந்தது. இது பழுது பார்க்கத் தகுந்த கருவி. செலவு எதுவும் இல்லை.

'ஆ'வை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். நுனிகள் ஒட்டியிருக்க, நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. லேத்தில் சுழன்றுகொண்டிருக்கும் வேலையை நிறுத்தாமல் அளப்பதால் தாடை இப்படிக் குழிவாகத் தேயும். நுனிகள் தொடுவதால் சுழி சரியாகத் தெரிகிறது. குழியில் அமரும் பொருளின் அளவு குறைவாகக் காட்டுகிறது. "அரம் போட்டுச் சரி பண்ணலாமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். கூடாது. இரு தாடைகளும் ஒன்றுக்கொன்று இணையாக அமைய வேண்டும். கையால் அரமோ உப்புத்தாளோ போட்டால் உள்ள இணைத்தன்மையும் போய்விடும். கருவிப் பணியில் தேர்ந்தவர் சாணை பிடித்துத் தரலாம். ஆனால் சாதாரண வெர்னியருக்கு அந்தக் கூலி கட்டுப்படியாகாது. இது மாற்ற வேண்டிய கருவி.

'அ'வுக்குத் திருத்தத்தை ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிட்டோம். அது தொடர்ந்து பயன்படும்.

திருகு அளவியில் கவனிக்க வேண்டியவை

சுழியைப் பார்க்கும் முன் முனைகளுக்கு இடையில் சுத்தமான தாளை மெல்லப் பிடித்து உருவ வேண்டும். பல 'சுழிப்பிழைகள்' இந்தத் துடைப்பிலேயே மறைந்துவிடும். மறையாத சிறு பிழையை நீக்க, பட்டறை மைக்ரோமீட்டர்களில் அளவுக் குழலின் பின்புறம் ஒரு சிறு துளை இருக்கும். கருவியோடு வரும் கொக்கிச் சாவியை அதில் மாட்டிக் குழலைச் சற்றே திருப்பினால் சுழி நேராகும்.

தேய்ந்த புரியைக் கண்டுபிடிக்க 13, 16, 19, 22 மி.மீ. பேரிங்குகளை வரிசையாக அளந்து பிழையை வரைபடமாக வரையச் சொல்லுங்கள். கோடு கிடையாக இருந்தால் மாறாத பிழை. நடுவில் பள்ளமோ மேடோ இருந்தால் அந்த இடத்தில் தேய்மானம். சற்றே தளர்ந்த புரியால் வரும் பின்னடைவுப் பிழையை உள்ளிருக்கும் சரிசெய் மரையை இறுக்கிக் குறைக்கலாம். ஓரிடத்தில் மட்டும் தேய்ந்த புரிக்கு இந்த வழி உதவாது. அங்கே இறுக்கினால் மற்ற இடங்களில் திருகு சிக்கும்.

மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு கூடுதல் கேள்வி. அளவுத்திருத்த ஆய்வகங்களில் 0–25 மி.மீ. மைக்ரோமீட்டரை 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0 என்ற அளவுகளில் சோதிப்பது வழக்கம். 5, 10, 15 என்று முழு எண்களை ஏன் எடுப்பதில்லை? புரியிடைத் தூரம் 0.5 மி.மீ. என்பதால் முழு எண்களில் எல்லாம் தலைக்கோல் சுழியிலேயே நிற்கும். ஒரு சுற்றுக்குள் ஏற்படும் பிழை வெளியே தெரியாது. நம் பேரிங் சோதனைக்கும் இந்த வரம்பு உண்டு என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

டிஜிட்டல் வெர்னியர் வந்த பிறகு பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்ற கேள்வியும் வரும். தாடையை மூடிப் பொத்தானை அழுத்தினால் திரையில் 0.00 தெரியும். பொத்தான் சுழிப்பிழையை மட்டுமே அழிக்கிறது. தேய்ந்த தாடை தேய்ந்தே இருக்கிறது.

வெப்பமும் ஒரு பிழை

பத்தாம் வகுப்பு வெப்ப விரிவுப் பாடத்தோடு இதை இணைக்கலாம். நீள அளவுகளுக்கு உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட அடிப்படை வெப்பநிலை 20° செல்சியஸ். லேத்திலிருந்து எடுத்த சூட்டோடு 60° வெப்பத்தில் உள்ள 17 மி.மீ. எஃகுத் தண்டை 30° வெப்பத்தில் உள்ள மைக்ரோமீட்டரால் அளந்தால் என்ன ஆகும்? எஃகின் நீள் வெப்ப விரிவுக் குணகம் ஏறத்தாழ 0.0000115. எனவே 17 × 0.0000115 × 30 = ஏறத்தாழ 0.006 மி.மீ. தண்டு ஆறியதும் இந்த அளவு குறைந்துவிடும். கருவியில் பழுதே இல்லாதபோதும் வேலை திரும்பி வர இது போதும். கருவியை மாற்றும் முன் அளக்கும் முறையைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

பள்ளியில் தொடர வேண்டியது

ஆய்வகத்தின் ஒவ்வொரு அளவிக்கும் ஓர் அட்டை தயாரித்தோம். கருவி எண், சோதித்த நாள், மூடிய நிலை அளவு, பேரிங் அளவுகள், தீர்ப்பு ஆகிய ஐந்து வரிகள். தீர்ப்பு மூன்றில் ஒன்றாக இருக்கும்: 'திருத்தத்துடன் பயன்படுத்தலாம்', 'சரிசெய்யப்பட்டது', 'அளக்கப் பயன்படாது'. மூன்றாம் வகைக் கருவிகளை இருப்புப் பதிவேட்டில் பழுது என்று குறித்து, சிவப்புச் சீட்டு ஒட்டித் தனியே வைத்திருக்கிறோம். முறைப்படி கழிவு செய்யப்படும் வரை, 'ஆ' போன்ற கருவி அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் கற்பித்தல் துணைக்கருவியாகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஒன்பதாம் வகுப்பே இந்தச் சோதனையைச் செய்து அட்டைகளைப் புதுப்பிக்கும்.

செய்முறைத் தேர்வில் தவறான அளவு எடுக்கும் மாணவரிடம் இப்போது நான் முதலில் கேட்பது, எந்தக் கருவியில் எடுத்தாய் என்பதைத்தான். பிறகு அட்டையைச் சேர்ந்து பார்க்கிறோம்.

மதிப்பீட்டுக்கான வினாக்கள்

1. சுழிப்பிழை இல்லாத ஒரு வெர்னியர் தவறான அளவு காட்டக்கூடிய இரண்டு சூழல்களைக் கூறுக.

2. ஒரு திருகு அளவி 13, 16, 19, 22 மி.மீ. பேரிங்குகளுக்கு முறையே 13.02, 16.02, 19.02, 22.02 எனக் காட்டுகிறது. இதைப் பழுது பார்ப்பாயா, மாற்றுவாயா, திருத்தத்துடன் பயன்படுத்துவாயா? காரணம் தருக.

3. உன் வீட்டிலோ அருகிலுள்ள பட்டறையிலோ உள்ள ஓர் அளவியைச் சோதித்து அதற்கு ஓர் அட்டை தயாரிக்க. அந்தக் கருவியால் அதிகம் அளக்கப்படும் அளவு எது என்று கேட்டறிந்து, அந்த அளவுக்கு அருகில் கட்டாயம் சோதித்துப் பார்க்க.